நிபந்தனை இல்லாத வரம்

2025-ஆம் ஆண்டு ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையே இந்தியத் திரையரங்குகளை நிரப்பிய சில படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ஜூலை இறுதியில் ‘மகாவதார் நரசிம்மா’ வந்தது. நட்சத்திரம் என்று ஒருவரும் இல்லாத அனிமேஷன் படம். ஆகஸ்ட் இறுதியில் மலையாளத்திலிருந்து ‘லோகா’, பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறும் ஒரு யட்சியின் கதை. செப்டம்பரில் ஜப்பானின் ‘டீமன் ஸ்லேயர்’, தமிழ்க் குரலோடும் வந்தது. அக்டோபர் 2 அன்று ‘காந்தாரா’வின் முன்கதை. ஊரைத் திருத்தக் கிளம்பும் போலீஸ் அதிகாரி இவற்றில் எதற்கும் கதாநாயகன் இல்லை. பேய், பிசாசு, பூதம் என்றால் ‘குழந்தைகளுக்கான சமாச்சாரம்’ என்று விநியோகஸ்தர்கள் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சரக்குதான் இப்போது பெரிய தேதிகளில் பெரிய அரங்குகளைப் பிடிக்கிறது.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உடனே கிடைக்கும். வாழ்க்கையில் நெருக்கடி கூடிவிட்டதால் மக்கள் கற்பனை உலகத்துக்குள் ஓடி ஒளிகிறார்கள் என்பது ஒன்று. நெருக்கடி இல்லாத காலம் எது என்று திருப்பிக் கேட்டால் இது அங்கேயே படுத்துவிடும். கணினி வரைகலை வளர்ந்துவிட்டது என்பது இன்னொன்று. இதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைச் சந்தேகிக்க ‘ஆதிபுருஷ்’ (2023) ஒன்றே போதும். பணத்துக்குக் குறைவில்லை, கணினிக்குக் குறைவில்லை, ராமாயணத்தைவிட எல்லோருக்கும் தெரிந்த கதையும் இந்த நாட்டில் இல்லை. முன்னோட்டம் வந்தபோதே கேலி தொடங்கியது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வசனங்களை மாற்ற வேண்டிய நிலை வந்தது. அப்படியானால் எந்த மாயம் மக்களிடம் செல்லுபடியாகிறது, எது ஆவதில்லை?

சினிமா என்ற கருவி இங்கே வந்து இறங்கியதே வித்தை காட்டத்தான். தாதாசாகேப் பால்கே 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வோடு தொடங்கினார். 1919-இல் அவர் எடுத்த ‘காளிய மர்தன்’ படத்தில் பாம்பின் தலைமேல் ஆடிய கிருஷ்ணன், அவருடைய சிறு வயது மகள் மந்தாகினி. தமிழகத்தில் நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப் படம் ‘கீசகவதம்’, அதுவும் மகாபாரதக் கதை. 1944-இல் வந்த ‘ஜெகதலப்பிரதாபன்’ படத்தில் பி.யு. சின்னப்பா கச்சேரி செய்யும் காட்சியை இன்றும் தேடிப் பார்க்கலாம். பாடுகிறவரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே, எல்லோரும் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட காட்சிக்கு அன்றைய வழி எளிது போலத் தோன்றும், ஆனால் உயிரை வாங்கும். கேமராவை இம்மியும் அசையாமல் ஊன்ற வேண்டும். லென்ஸில் ஒரு பகுதியை மட்டும் திறந்து மற்றதைக் கறுப்பால் மறைத்து எடுக்க வேண்டும். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மறுபடி எடுக்க வேண்டும். ஒரு சுற்றில் தாளம் பிசகினால் அதற்கு முன் எடுத்ததெல்லாம் வீண்.

அச்சிலும் இதே சரக்குக்குத்தான் மவுசு. மதனகாமராஜன் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாகத் திருவிழாக் கடைகளில் விற்றன. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் ‘அம்புலிமாமா’ வந்தது. அதைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் விஜயா புரொடக்ஷன்ஸ் பெயரில் 1951-இல் ‘பாதாள பைரவி’யையும் 1957-இல் ‘மாயா பஜார்’ படத்தையும் எடுத்தார்கள். தோளில் வேதாளத்தைச் சுமந்த விக்கிரமனின் படத்தைப் பிற்காலத்தில் மாதாமாதம் வரைந்த ஓவியர் சங்கரின் கைவண்ணமும், வடபழனி ஸ்டுடியோவில் மார்கஸ் பார்ட்லி கேமராவில் செய்த தந்திரங்களும் ஒரே முதலாளிகளின் நிழலில் விளைந்தவை. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கடோத்கஜனாக எஸ்.வி. ரங்கா ராவ் உட்கார, பலகாரங்கள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகும் காட்சியைப் பார்த்து இன்றைக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான தந்திரம் அது. அந்தச் சிரிப்பைப் புது மென்பொருள் எதுவும் வாங்கித் தரவில்லை.

‘பாதாள பைரவி’யின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேட்டதைத் தரும் ஒரு சிலை. அதைப் பெற வேண்டுமானால் வீரமுள்ள ஓர் இளைஞனைப் பலி கொடுக்க வேண்டும். மந்திரவாதி தோட்டக்காரன் மகனை அதற்காகத்தான் அழைத்துப் போகிறான். விஷயம் தெரிந்துகொண்ட பையன் மந்திரவாதியையே பலி கொடுத்துச் சிலையை எடுத்துக்கொள்கிறான். மாளிகையும் செல்வமும் வருகின்றன. சிலை கை மாறியதும் அத்தனையும் போய்விடுகின்றன. வரத்துக்கு ஒரு விலை, வரத்தில் ஓர் ஓட்டை. நம் கதைசொல்லிகள் காலம் காலமாக இதைத்தான் செய்துவந்தார்கள். இரணியனுக்குக் கிடைத்த வரத்தைப் போல நுணுக்கமாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தை எந்த வக்கீலும் எழுதியிருக்க மாட்டார். பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கேட்பவர் மனம் உடனே ஓட்டையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. ‘மகாவதார் நரசிம்மா’வின் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தூணுக்காகக் கூட்டம் காத்திருந்தது. என் எண்ணத்தில் ஃபேன்டசியின் உயிர் இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. எதுவும் நடக்கலாம் என்ற உலகத்தில் எது நடந்தாலும் நமக்கென்ன?

தமிழுக்கு இன்னொரு தனிக் கதை உண்டு. 1951-இலேயே வந்த எம்.ஜி.ஆரின் ‘மர்மயோகி’யில் ஒரு பேய் வரும். பேய்க் காட்சிகளுக்காகத் தணிக்கைக் குழு அதற்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது; தமிழில் அப்படிப்பட்ட முதல் படம் என்று அதைச் சொல்வார்கள். கடைசியில் பார்த்தால் அது பேயே இல்லை, உயிரோடிருக்கும் மனிதன். அடுத்த ஆண்டு ‘பராசக்தி’ வந்தது. பகுத்தறிவு இயக்கத்தின் காற்று வீசிய மண்ணில் பேயைக் காட்டுகிறவர்கள் பின்னாலேயே விளக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு மொழியில் எழுதிய தொதரோவ் 1970-இல் விந்தைப் புனைவைப் பற்றிச் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். இது இயற்கையா, இயற்கைக்கு மீறியதா என்று வாசகன் தயங்கி நிற்கும் வரையில்தான் விந்தை என்பது அவர் கட்சி. அந்தத் தயக்கத்தைத் தமிழில் நன்றாகப் பயன்படுத்தியது சினிமா அல்ல, தொலைக்காட்சி. 1990-களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’ பகுதியில் குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பசாமியை ஊர் நம்பியது. கதை மனநோய் என்ற விளக்கத்தையும் கொடுத்தது. விளக்கம் கிடைத்த பிறகும் குளம்பொலி கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

இயக்குநர் விட்டலாச்சாரியாவுக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. அவர் பேய் பேய்தான். 1978-இன் ‘ஜெகன்மோகினி’யில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும் பேயை, படத்தின் பெயர் மறந்தவர்கள்கூட மறக்கவில்லை. சிக்கனமான மனிதர். நடிகர் சம்பளத்தில் முரண்டு பிடித்தால் அந்தக் கதாபாத்திரத்தைக் கிளியாக மாற்றிவிடுவார் என்று கோடம்பாக்கத்தில் சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனால் அவர் படங்களைப் பார்த்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். டூரிங் டாக்கீஸிலும் சிற்றூர் அரங்குகளிலும் அவை ஓடின. பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை.

1977-இல் ‘16 வயதினிலே’ வந்தது. கேமரா ஸ்டுடியோவை விட்டு வயல்வெளிக்குப் போனது. தளங்களும் தளத்தைச் சார்ந்த தந்திரக் கலைஞர்களும் மெல்ல மெல்ல வேலையிழந்தார்கள். நல்ல தமிழ்ப் படம் என்றால் மண் வாசனையும் யதார்த்தமும் என்று ஆகிப்போனது. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. அந்தப் பத்தாண்டுகளில் வந்த படங்கள் அப்படி. ஆனால் மாயம் பின்வாசலுக்குத் தள்ளப்பட்டது. இராம. நாராயணனின் பாம்பும் குரங்கும் யானையும், ஆடி மாத அம்மன் படங்கள், சின்னத்திரையில் ‘மை டியர் பூதம்’, பிறகு இந்தியிலிருந்து மொழிமாற்றமாகி வந்த ‘நாகினி’, சுந்தர் சி-யின் ‘நந்தினி’ என்று அது தன் பார்வையாளர்களோடு தனியாகக் குடித்தனம் நடத்தியது. பெண்களும் பிள்ளைகளும் பார்ப்பதால் அதற்கு மரியாதை இல்லை என்று இருந்தது. உண்மையில் மாறியது இந்த மரியாதைதான். ரசனை இருந்த இடத்திலேயே இருந்தது.

மரியாதையை மாற்றியதில் வெளிநாட்டுக்குப் பங்குண்டு. பீட்டர் ஜாக்சனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகம் 2004-இல் சிறந்த படம் உட்பட 11 ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. ஃபேன்டசி என்றால் இரண்டாந்தரம் என்று இனி யாரும் சொல்ல முடியாமல் போனது. ‘ஹாரி பாட்டர்’ 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களில் ஒரு தலைமுறையையே கூட வளர்த்தது. 2011-இல் எச்.பி.ஓ. தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 73 அத்தியாயங்களில் இன்னொன்றைச் செய்தது: டிராகன் வரும் கதையை அலுவலகத்தில் பெரியவர்கள் கூச்சமில்லாமல் பேசலாம் என்றாக்கியது. அதன் எழுச்சியும் சரிவும் என் வாதத்துக்குச் சரியான சாட்சி. முதல் பருவங்களில் ஒருவர் வடக்கிலிருந்து தெற்கே வர அத்தியாயங்கள் ஆகும். தப்புச் செய்தால் கதாநாயகன் என்று பார்க்காமல் தலை உருளும். கடைசிப் பருவங்களில் தூரம் சுருங்கிவிட்டது. முக்கியமானவர்கள் சாவின் வாயிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பினார்கள். டிராகன்கள் முன்னைவிட அழகாக இருந்தன. ரசிகர்கள் முன்னைவிடக் கோபமாக இருந்தார்கள்.

அதன் வெற்றியைப் பார்த்து எல்லா ஓடிடி நிறுவனங்களும் தங்களுக்கென்று ஒரு மாய உலகத்தைத் தேடின. டோல்கீனின் உலகத்துக்கான தொலைக்காட்சி உரிமைக்கு மட்டும் அமேசான் சுமார் 25 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்திகள் சொல்லின. அதே நிறுவனம் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை மூன்று பருவங்களோடு 2025-இல் நிறுத்தியது. நெட்ஃபிளிக்ஸ் ‘ஷேடோ அண்ட் போன்’ தொடரை இரண்டோடு நிறுத்தியது. பல பருவங்களுக்குத் திட்டமிட்ட கதை நடுவழியில் நின்றால் முதல் பருவத்தைக்கூட யாரும் புதிதாகப் பார்க்க மாட்டார்கள். மேற்கில் தொலைக்காட்சி ஃபேன்டசி இன்று கொழிக்கும் தொழில் என்பதைவிடக் கொழிக்கும் சூதாட்டம் என்பதே பொருத்தம்.

இந்தியாவில் கணக்கு வேறு. குடும்பக் கதையையும் காதல் கதையையும் நான்கு வாரத்தில் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மக்கள் முடிவெடுத்த பிறகு, வீட்டில் கிடைக்காத எதையாவது அரங்குகள் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. கூடவே மொழி. மதுரை வட்டார நகைச்சுவையை லக்னோவில் விற்க முடியாது. ஈயாக மறுபிறவி எடுக்கும் காதலனை எங்கேயும் விற்கலாம். ராஜமௌலியின் ‘நான் ஈ’ (2012) நாயகன் படம் தொடங்கிய சிறிது நேரத்தில் செத்து ஈயாகிறான். அதற்குப் பிறகு அவன் ஈ மட்டுமே. பேச முடியாது, தூக்க முடியாது, ஒரு செய்தித்தாள் அடியில் செத்துப்போகலாம். தூசி படிந்த கார்க் கண்ணாடியில் ஊர்ந்து ஊர்ந்து எழுத்துகளை எழுதி வில்லனுக்குச் சவால் விடுகிறான். நுண்கலை செய்யும் காதலி அவனுக்குக் குட்டிக் குட்டிக் கவசமும் ஆயுதமும் செய்து தருகிறாள். அந்த ஈக்கு இயக்குநர் ஒரு சலுகையும் கொடுக்கவில்லை, அதனால்தான் அரங்கமே ஓர் ஈயின் பக்கம் நின்றது. அடுத்து வந்த ‘பாகுபலி’யில் (2015, 2017) மந்திரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் மகிழ்மதி என்ற உலகத்துக்கு அரண்மனை வழக்கு உண்டு, வாக்குச் சுத்தம் உண்டு, மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி என்ற காட்டுமொழிகூட உண்டு.

நிபந்தனையைச் சிறிய செலவில் சிறப்பாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியின் ‘தும்பாட்’ (2018) படத்தில் பொன்னுக்கும் தானியத்துக்கும் பேராசைப்படும் ஹஸ்தர், மாவு பொம்மையைத் தின்னும் அந்த நொடிகளுக்குள் அவன் இடுப்பிலிருந்து காசைப் பறிக்க வேண்டும். அவன் தொட்டால் சாவே வராத சாபம். முதலில் ஓடாத அந்தப் படம் 2024-இல் மறுவெளியீடாகி, முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. ‘பிரமயுகம்’ (2024) கறுப்பு வெள்ளையில், ஒரு பாழடைந்த மனை, மூன்று நான்கு மனிதர்கள், ஒரு பகடையாட்டம் என்று முடித்துக்கொண்டது. ‘லோகா’வின் செலவு சுமார் 30 கோடி ரூபாய், வசூல் 300 கோடியைத் தாண்டியது என்று செய்திகள் வந்தன.

இந்தக் கணக்கோடு தமிழைப் பார்த்தால் விசித்திரமான படம் கிடைக்கிறது. பெரிய செலவில் எடுத்தவை பெரும்பாலும் வீழ்ந்தன. சின்னச் செலவில் எடுத்தவை பிழைத்தன. ‘புலி’யில் (2015) மந்திர ராணி, வேதாளக் கூட்டம், குள்ள மனிதர்கள் எல்லாம் உண்டு. ஆனால் அந்த உலகத்தில் நாயகனுக்கு முடியாதது என்று ஒன்றும் இல்லை. ஏற்கெனவே கைதட்டலோடு உள்ளே வரும் நட்சத்திரத்துக்கு மேற்கொண்டு மந்திர சக்தி எதற்கு? ‘கங்குவா’ (2024) வந்தபோது கதையைவிட இரைச்சலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே அரங்குகளைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) மட்டும் விதிவிலக்கு. கடந்துபோகும் ஒவ்வொரு பொறிக்கும் உயிர்ப்பலி உண்டு. பட்டினியிலும் இருட்டிலும் தூதனுக்காகக் காத்திருக்கும் சோழர் மிச்சத்தைக் காட்டும் பிற்பாதியில் பெருமிதமும் அருவருப்பும் கலந்தே வருகின்றன. அன்று குழம்பிப்போன ரசிகர்கள் 2021 டிசம்பர் 31 அன்று மறுவெளியீட்டுக்குக் கூட்டமாக வந்தார்கள். இடையில் செல்வராகவன் எடுத்த ‘இரண்டாம் உலகம்’ (2013) அப்படி மீளவில்லை.

மறுபக்கத்தில் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023). குடிசையிலிருந்து பெயர்த்து, தொட்டால் உதிரும் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட ஒரு பயந்தாங்கொள்ளிச் சித்திரக்கதை ஓவியன். அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவன் பைத்தியமோ என்று பார்க்கிறான். குரல் அவனைக் காப்பாற்றுவதில்லை. வம்பில் மாட்டிவிடுகிறது, அவன் சாவையும் முன்கூட்டியே அறிவிக்கிறது. கணினி வரைகலைக்கு அங்கே பெரிய வேலையே இல்லை. ‘ஓ மை கடவுளே’யின் (2020) மந்திரப் பொருள் ஒரு டிக்கெட். இந்த அளவில் தமிழ்ச் சினிமா நன்றாக மூச்சுவிடுகிறது. பகுத்தறிவுப் பழக்கமும் யதார்த்தப் பழக்கமும் சேர்ந்து, நம் பார்வையாளரை ஒரு சின்ன விந்தைக்கு மனசாரச் சம்மதிக்கவும் பெரிய ராஜ்ஜியத்தைப் பார்த்ததும் ‘அது எப்படி?’ என்று கேட்கவும் பழக்கியிருக்கிறதோ என்று தோன்றுகிறது. கேட்கட்டுமே. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதானே கதாசிரியர் வேலை.

எல்லா மாயமும் ஃபேன்டசி என்ற பெட்டிக்குள் அடங்குவதும் இல்லை. ‘காந்தாரா’வில் வரும் பஞ்சுருளியும் குளிகனும் துளுநாட்டு மக்களுக்குக் கற்பனைப் பாத்திரங்கள் அல்ல, வருடந்தோறும் நேமத்தில் வந்து நின்று பேசும் தெய்வங்கள். முன்கதை வெளியானபோது ரசிகர்கள் சிலர் தெய்வ வேடமிட்டு அரங்குகளுக்கு வந்து ஆடினார்கள். வழிபாட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று படக்குழு அறிக்கை விட்டது. அம்மன் படங்கள் ஓடிய அரங்குகளில் சாமி வந்து ஆடிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. வேறுபாடு உண்டு: அங்கே பார்வையாளருக்குச் சாமி வந்தது, இங்கே பார்வையாளர் சாமியைப் போலப் ‘பண்ணினார்’. பக்தி இருக்கும் இடத்தில் விமர்சனம் வாயை மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுப் புராணத்தைத் தேடும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். ‘ஆதிபுருஷ்’ அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது என்பது சின்ன ஆறுதல்.

இந்த அலையைச் சுமப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாலிவுட் மாயத்தின் கணிசமான கைவேலை சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை அலுவலகங்களில் நடக்கிறது. ‘ரோட்டோ’ என்று ஒரு வேலை. காற்றில் பறக்கும் நடிகையின் முடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க, நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் கோடு வரைந்துகொண்டே போக வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் திரையில் சில நொடிகள்தான். ஓரளவு பாண்டிச்சேரியிலும் படமான ‘லைஃப் ஆஃப் பை’க்குப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ், 2013-இல் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள் முன்னால் திவாலானது. அதற்கு ஹைதராபாத்திலும் மும்பையிலும் கிளைகள் இருந்தன. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவில் ஏராளமானோர் ஒரே வாரத்தில் வேலையிழந்தார்கள். டிக்கெட் விற்பனை கூடக் கூட இவர்கள் நிலை உறுதியாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்தத் தொழிலின் வரத்தில் உள்ள ஓட்டை இவர்கள் தலையில்தான் விழுகிறது.

‘லோகா’வின் நாயகி கள்ளியங்காட்டு நீலி. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதிகமாலை’ வழியாக அவள் மலையாளிகளுக்கு வீட்டுப் பெயர். கள்ளியங்காடு இருப்பதோ நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். அங்கே நீலி கதையை வில்லுப்பாட்டில் பாடியிருக்கிறார்கள். வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி இருக்கிறாள். தெற்கு மாவட்டங்களின் கொடைவிழாக்களில் பாடப்படும் இசக்கிகளுக்கும் சுடலைகளுக்கும் வரமும் உண்டு, அதற்குக் கறாரான நிபந்தனையும் உண்டு. அநியாயமாகச் செத்தவர்கள் என்பதால் கேட்க நியாயமும் உண்டு. ‘மாவீரன்’ அளவிலான செலவில் இவற்றில் பலவற்றை எடுக்கலாம். கதை கேட்கும்போது ‘ஹீரோ யார்?’ என்று முதலில் கேட்காத ஒரு தயாரிப்பாளர் வேண்டும், அவ்வளவுதான்.